சுராங்கனியின் சொந்தக்காரர்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களில் பத்துப் பேரை நிறுத்தி, ‘சுராங்கனி பாட்டு தெரியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் தெரியும் என்பார்கள். அதில் இரண்டு பேர் மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு ஆடியே காட்டக்கூடும். பத்தாவது ஆள் ஆலங்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கும் தெரியும், நேரம்தான் இல்லை.

அடுத்து, ‘யார் பாடினது?’ என்று கேளுங்கள். இங்கேதான் சிக்கல். ‘மலேசியா வாசுதேவன்’ என்பார் ஒருவர். ‘அது கிராமியப் பாட்டு ஸார், அதுக்கெல்லாம் யாரு கணக்கு வெச்சிருக்கா?’ என்பார் இன்னொருவர். ‘எங்க மாமா கல்யாணத்துல கச்சேரி பண்ண வந்தாரே, சுருட்டை முடி, அவருதான்!’ என்று மூன்றாமவர் சத்தியமே செய்வார். யாராவது ‘ஏ.ஈ. மனோகரன்’ என்று பதில் சொன்னால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த ஆசாமி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை போடாத டீயாகச் சொல்லுங்கள்.

ஏ.ஈ. மனோகரன் என்கிற சிலோன் மனோகர். இலங்கையில் அவருக்குப் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம். (நாம் ‘பாப்’ என்று எழுதுவதை அவர்கள் ‘பொப்’ என்று எழுதுவார்கள். இங்கிலீஷ்காரன் காதுக்கு அவர்கள் எழுதுவதுதான் சரியாகப் படும்.) அந்தச் சக்கரவர்த்தியின் சாம்ராஜ்யம் கடலுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று அளந்தால், சரியாக ஒரு பாட்டு நீளம்.

ஒரே பாட்டில் ஓஹோ என்று போய் அதோடு நிற்கிறவர்களுக்கு இங்கிலீஷில் ‘ஒன் ஹிட் ஒண்டர்’ என்று பெயர். பாராட்டு மாதிரி ஆரம்பித்துக் கிண்டலில் முடிகிற பெயர். மனோகரனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அந்த ‘ஒன்’ என்பதை எண்ணியது யார், எந்தக் கரையில் உட்கார்ந்து எண்ணினார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் பாட்டு நம் ஊருக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை என்றதும் வறண்ட பூமி, முந்திரி, கல்குவாரி, ஜல்லிக்கட்டு என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். இந்த மாவட்டத்துக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது என்றால், ‘அப்படியா!’ என்பார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் நம் மாவட்டம்தான். எதிரே பாக் நீரிணை. அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். சிலோன் ஸ்டேஷன் இந்தக் கரையில் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். திருச்சி வானொலி ‘நிலைய வித்வான்’ என்று தொண்டையைக் கனைப்பதற்குள் கொழும்பு இரண்டு சினிமாப் பாட்டைப் போட்டு முடித்திருக்கும்.

இதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது பி.வி. கேஸ்கருக்கு. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதன் கழுத்தைப் பிடித்தார். ஜனங்கள் கெடுவது என்று தீர்மானித்துவிட்டால் மந்திரியால் என்ன செய்ய முடியும்? மொத்த தேசமும் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டது. டில்லி விழித்துக்கொண்டு 1957-ல் விவித் பாரதியை ஆரம்பித்தது. அதற்குள் மயில்வாகனன் நம் வீட்டு மனிதர் ஆகிவிட்டார். அவருக்குப் பின்னால் மூச்சு விடாமல் பேசும் கே.எஸ். ராஜா, நிறுத்தி நிதானமாகப் பேசும் பி.எச். அப்துல் ஹமீது. அவர்கள் சினிமாப் பாட்டுக்கு நடுநடுவே ஊறுகாய் மாதிரி அவர்கள் ஊர்ப் பாட்டையும் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். அந்த ஊறுகாய்தான் பொப்.

அறுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்துப் பையன்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய சமாச்சாரம் அது. நித்தி கனகரத்தினம் முன்னால் போனார். மாமியைக் கூப்பிட்டு மகளைக் கேட்கிற மாதிரியான பாட்டுகள். வார்த்தை யாழ்ப்பாணத் தமிழ், தாளம் மட்டும் பைலா. பைலா கதை தனி. 1505-ல் போர்த்துக்கீசியன் இலங்கையில் இறங்கினான். கறுவாப்பட்டையை எடுத்துக்கொண்டான், கோட்டை கட்டினான், போகும்போது ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனான். அவன் பாஷையில் ஆடுவதற்கு ‘பைலார்’ என்று பெயர். அதிலிருந்து பைலா. இருபதாம் நூற்றாண்டில் அதைத் தூசி தட்டிச் சிங்களத்தில் மேடையேற்றியவர் வாலி பாஸ்டியன் என்கிற போலீஸ்காரர். உலகத்தில் போலீஸ்காரர் ஒருவர் ஜனங்களை ஆடவைத்து அவர்களும் சந்தோஷமாக ஆடியது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

இந்தப் பரம்பரையில் வந்தது சுராங்கனி. சிங்களமும் தமிழும் கை கோத்துக்கொண்டு வருகிற பாட்டு. விஷயம் ரொம்ப எளிது. ஒருத்தன் கடலுக்குப் போய் மீன் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். சுராங்கனி என்கிற பெண்ணுக்காகக் கொண்டு வந்திருக்கிறான். இப்போதுதான் பிடித்தது, புது மீன் என்கிறான். அவ்வளவுதான். நிலா இல்லை, தேன் இல்லை, மான்விழி இல்லை. காதலிக்கு மீன் கொண்டு போகிற ஒரு நடைமுறைக்காரன். ஜெகதாப்பட்டினத்தில் இதற்குப் பொழிப்புரை தேவைப்பட்டிருக்காது.

உள்ளூர்ப் பக்கமும் இதற்குக் காது தயாராக இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களில் புதுக்கோட்டைச் சீமை ஆட்கள் நிறைய. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்ப ஆரம்பித்தன. அவர்களுக்கு அந்தத் தாளம் அந்நியம் இல்லை.

பிறகு சினிமா. 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்று ஒரு படம். இளையராஜா இசை. அவர் சினிமாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் சுராங்கனியைக் கொண்டு வந்து வைத்தார். பாடியவர் மலேசியா வாசுதேவன். கணக்கைப் பாருங்கள்: போர்த்துக்கீசியத் தாளம், சிங்களப் பெண் பெயர், இலங்கைத் தமிழர் பரப்பிய மெட்டு, பண்ணைப்புரத்துக்காரர் இசையமைப்பு, மலேசியாவில் பிறந்தவர் குரல். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இவ்வளவு பேர் ஒரே பாட்டுக்கு ஒத்துப்போனதில்லை. படத்தின் பெயரோ ‘அவர் எனக்கே சொந்தம்’! அந்தப் பாட்டு விஷயத்தில் யார் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அன்றிலிருந்து குழப்பம்.

அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு போனது சினிமாவும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா.

திருவப்பூர் மாரியம்மனுக்கு மாசியில் திருவிழா, நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில். இடைப்பட்ட ஊர்களில் எல்லாம் அவரவர் அம்மனுக்கு அவரவர் தேதி. எண்பதுகளில், தொண்ணூறுகளில் திருவிழா என்றால் ராத்திரி கச்சேரி உண்டு. பத்தரை மணிக்குப் பிள்ளையார் பாட்டு. அடுத்து அம்மன் பாட்டு. அப்புறம் எம்.ஜி.ஆருக்கு ரெண்டு, சிவாஜிக்கு ரெண்டு, ரஜினி கமலுக்குச் சரிசமமாக. ஒன்று கூடினாலும் நாற்காலி பறக்கும். மேடைக்குத் துண்டுச் சீட்டு போகும். சீட்டோடு பத்து ரூபாய் நோட்டும் குத்தியிருந்தால் பாட்டுக்கு முன்னால் பெயரை மைக்கில் சொல்வார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கூட்டம் பாயில் சாய்கிற சமயம் பார்த்து, தும்பாக்காரர் ‘சிக்ஸ் எய்ட்’டில் ஒரு தட்டுத் தட்டுவார். படுத்திருந்தவன் எழுந்து உட்காருவான். சுராங்கனி!

இப்படிக் கச்சேரியில் இருபது வருஷம் பாடிய ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது பொன்னமராவதிப் பக்கம் வாடகைக்கு மைக் செட் விடுகிறார். ‘எத்தனை தடவை பாடியிருப்பீங்க?’ என்று கேட்டேன்.

‘அதெல்லாம் எண்ணலேண்ணே. டி.எம்.எஸ். பாட்டு பாடினா நல்லா பாடுறான்பாங்க. எஸ்.பி.பி. பாட்டு பாடினா எஸ்.பி.பி. மாதிரி இல்லேம்பாங்க. சுராங்கனி பாடினா மட்டும் ஒருத்தனும் என் தொண்டையைப் பார்க்க மாட்டான். அவன் பாட்டுக்கு ஆடுவான். நானும் நிம்மதியா பாடுவேன்.’

‘மனோகரன் பாடின வேற பாட்டு ஏதாவது பாடியிருக்கீங்களா?’

‘வேற பாடியிருக்காராண்ணே?’

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். இருபது வருஷம் ஒரு மனிதரின் பாட்டால் சோறு தின்ற இன்னொரு பாடகர்.

பாடியிருக்கிறார். யாழ்தேவி ரயிலில் முளைக்கிற காதலைப் பற்றி ஒன்று. மாமியைக் கொஞ்சுகிற பாட்டு ஒன்று. இலங்கையைத் தாய்நாடாகக் கும்பிடுகிற பாட்டு ஒன்று. தமிழைத் தவிர சிங்களம், இந்தி, மலையாளம் என்று பல பாஷையில் பாடியவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைப் பிடித்து மனோகரன் பெயரைச் சொன்னால், சுராங்கனியை அவர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ சொன்னாலும் ஆச்சரியமில்லை. அங்கே அவர் ஒரு பாட்டுக்காரர் அல்லர். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978-ல் அங்கே தமிழ்ப் படமாக வந்தபோது அதில் முக்கியமான நடிகர். மீனவர்களைப் பற்றிய கதை. காதலிக்கு மீன் கொண்டு வந்த பாட்டுக்காரரை மீனவர் கதையில் போட்டவர் சரியான ஆள்.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னையில் வாழ்ந்தார். தமிழிலும் மலையாளத்திலும் நிறையப் படங்களில் வில்லன் கோஷ்டி. உடம்பு வாட்டசாட்டமாக, முடி நீளமாக இருந்தால் கோடம்பாக்கத்துக்கு வேறு எதுவும் தோன்றாது. சாராயப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிடும். ஹீரோ அடிப்பார், இவர் விழுவார். ஆயிரக்கணக்கானவர்களை ஆட வைத்த தொண்டைக்கு நம் சினிமா கொடுத்த வேலை, பெரும்பாலும் ‘பாஸ்!’ என்று கூப்பிடுவது. பிற்காலத்தில் டி.வி. சீரியல்களிலும் வந்தார். சீரியல் பார்த்த எத்தனை மாமிகளுக்கு, இவர்தான் தங்கள் கல்யாண வீடியோவில் பின்னணியில் பாடிக்கொண்டிருப்பவர் என்று தெரிந்திருக்கும்?

அதனால்தான் சொல்கிறேன், ‘ஒன் ஹிட்’ என்பது பாடகரின் சரக்குக் கணக்கு அல்ல, கஸ்டம்ஸ்காரன் கணக்கு. பத்துப் பெட்டி கப்பலேறியது, ஒரு பெட்டிதான் இந்தப் பக்கம் இறங்கியது. நாம் அந்த ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, ‘பாவம், இவ்வளவுதான் வைத்திருந்தார் போல’ என்கிறோம்.

ஸ்பெயினில் ‘லாஸ் டெல் ரியோ’ என்று இரண்டு பேர். 1962-லிருந்து சேர்ந்து பாடுகிறவர்கள். முப்பது வருஷம் கழித்து 1993-ல் ‘மக்கரீனா’ என்று ஒன்றைப் பாடினார்கள். 1996-ல் அதன் ரீமிக்ஸ் அமெரிக்காவில் பதினான்கு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. அமெரிக்காவின் வி.ஹெச்.1 சேனல் 2002-ல் ‘ஒன் ஹிட் ஒண்டர்’களுக்கெல்லாம் தலைமை ஒண்டர் அதுதான் என்று பட்டியல் போட்டது. செவில் பக்கத்து ஜனங்கள் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு பேரும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் காலம் காலமாகப் பாடுகிற பெரியவர்கள். கொரியாவின் சை? 2012-ல் யூட்யூபில் முதன்முதலாக நூறு கோடியைத் தொட்ட குதிரை ஆட்டக்காரர். நமக்கு அவரும் ஒரு பாட்டு. அவர் ஊரில் அதற்கு முன்னாலேயே பத்து வருஷத்துக்கு மேல் பெயர் வாங்கியவர்.

இது பாடகர்களோடு நிற்கிற வியாதி இல்லை. உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அந்த ஆடிட் சமயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேட்மெண்ட் போட்டாரே, அவர்தான்’ என்று ஒருவரை அறிமுகப்படுத்துவார்கள். அது நடந்து பதினேழு வருஷம் ஆகியிருக்கும். அவர் அதற்குப் பிறகு ஆயிரம் ஃபைல் பார்த்திருப்பார், ஒழுங்காகவும் பார்த்திருப்பார். ரிடயர்மென்ட் பார்ட்டியிலும் அந்த ஒரு ராத்திரியைத்தான் பேசுவார்கள். மனுஷன் சால்வையைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி நிற்பார். வேறு என்ன செய்வது?

மேடையில் மனோகரனுக்கும் அதே சிரிப்பு தேவைப்பட்டிருக்கும். புதுப் பாட்டு எடுத்தால் கூட்டம் ‘சுராங்கனி’ என்று கத்தும். முதலிலேயே சுராங்கனியைப் பாடிவிட்டால் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். எனவே கடைசியில் பாட வேண்டும். அதுவரைக்கும் மற்றப் பாட்டெல்லாம் வெயிட்டிங் ரூம். ஒரு ஹிட் கொடுத்த எல்லாப் பாடகருக்கும் நிகழ்ச்சி நிரல் இப்படித்தான். இதில் சோகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம். நான் முழுக்கச் சோகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பாட்டுகூட இல்லாமல் முப்பது வருஷம் பாடி, பெட்டியைக் கட்டியவர்கள் எத்தனை பேர்!

எனக்கு உறுத்துவது காசு. எழுபது எண்பதுகளில் பாடுகிறவருக்கு ரெக்கார்டிங் அன்றைக்குக் கொடுப்பதோடு சரி. அப்புறம் கேசட் வந்தது. ஞாபகமிருக்கிறதா, ரெக்கார்டிங் சென்டர்கள்? வீட்டிலிருந்து லிஸ்ட் எழுதிக்கொண்டு போவோம். அறுபதா தொண்ணூறா என்று கேட்டு, ஏ பக்கம் சோகம், பி பக்கம் குத்து என்று பதிந்து கொடுப்பார்கள். பி பக்கத்தில் சுராங்கனி கட்டாயம் இருப்பாள். கடைக்காரருக்குக் காசு, கேசட் கம்பெனிக்குக் காசு, மேடையில் பாடியவருக்கு ராத்திரிக் கூலி, சீட்டில் குத்திய பத்து ரூபாய் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. முதலில் பாடியவருக்கு? 2012-ல்தான் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவருக்கெல்லாம் ராயல்டியில் பிடி கொடுத்தார்கள். பாடகர்களுக்கென்று வசூல் சங்கம் 2013-ல் வந்தது. மனோகரன் தலைமுறைக்கு அது பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த பாயசம்.

இப்போது காலம் மாறிவிட்டது, ஒரு பாட்டு ஒரு ராத்திரியில் உலகம் சுற்றுகிறது என்பீர்கள். சுற்றுகிறது. எண்ணுகிற கணக்கு மட்டும் மாறவில்லை. நம் மாவட்டத்து களபம் கிராமத்துக்காரர் செந்தில் கணேஷ் 2018-ல் ‘சூப்பர் சிங்கர்’ ஜெயித்தார். மறு வருஷம் அவரும் மனைவி ராஜலட்சுமியும் பாடிய ‘சின்ன மச்சான்’ ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் வந்து எங்கே பார்த்தாலும் ஒலித்தது. வெளியூர்க்காரர்களுக்கு அவர் கதை அங்கேதான் ஆரம்பம். நம் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். ‘டி.வி.யில இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாக்கும்!’ என்பார்கள். அவர்கள் பல வருஷமாக நாட்டுப்புற மேடைகளில் பாடிக் கொண்டிருந்தவர்கள். நல்லவேளை, அவர்கள் விஷயத்தில் ஒன்றோடு நிற்கவில்லை. ‘விஸ்வாசம்’ படத்தில் இருவரும், 2021-ல் ‘புஷ்பா’வின் தமிழில் ராஜலட்சுமியும் பாடி அடுத்தடுத்த பெட்டிகளையும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது கடல் இல்லை, திருச்சி ரோடுதான்.

மனோகரன் தாண்ட வேண்டியிருந்தது கடல். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். அதே வருஷம் ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணைக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டன. 1983 ஜூலைக்குப் பிறகு கோட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை. அவருடைய பத்துப் பாட்டையும் மனப்பாடமாக வைத்திருந்த ஜனங்கள் டொரன்டோ, லண்டன், பாரீஸ் என்று சிதறிப் போனார்கள். சிங்களமும் தமிழும் ஒரே அடியில் கலந்து பாடிய பாட்டு ஒன்று இருந்தது என்பதே அப்புறம் வினோதமாகப் படுகிற மாதிரி ஆயிற்று.

கோடு இன்னும் இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் போகிற விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்த செய்தி இன்றைக்கும் பேப்பரில் அடிக்கடி வருகிறது. நம் இழுவை மடி எங்கள் வலையை அறுக்கிறது என்று அந்தக் கரைத் தமிழ் மீனவர்கள் புகார் சொல்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. மொத்தத்தில், பிடித்த மீனைச் சுராங்கனியிடம் கொண்டு போய்க் கொடுப்பதென்றால் இப்போது வக்கீல் வைக்க வேண்டியிருக்கும்.

2018 ஜனவரி 22 அன்று சென்னையில் மனோகரன் காலமானார். வயது 73. அவர் பெயரைச் சொன்னவர்கள் எல்லோரும் கூடவே ‘அதான், சுராங்கனி’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வருகிற மாசியிலோ பங்குனியிலோ உங்கள் ஊர்க் கச்சேரியில் சீட்டு எழுதினால் பாட்டின் பெயருக்குக் கீழே ‘ஏ.ஈ. மனோகரன்’ என்றும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மைக்கில் படித்தே ஆகவேண்டும் என்றால் ரூபாய் நோட்டு குத்தியிருக்க வேண்டும். இப்போது பத்து ரூபாய் போதாதாம். குறைந்தது ஐம்பதாக வையுங்கள்.